கையால் படிக்க வேண்டிய பாடம்: பிள்ளைகளும் முகத்தலளவையும்

சென்ற ரமலானில் ஒரு நாள் மாலை. தேக்காவிலுள்ள நமது மளிகைக் கடையைச் சற்று முன்னதாகவே அடைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். நோன்பு திறக்கும் நேரத்திற்காக வீட்டில் பண்டோங் கலந்து வைத்திருந்தார்கள். ஒரே குவளையால் ஆளுக்கு ஒன்று என்று அளந்து, மூத்த மகளுக்கு உயரமான கண்ணாடிக் கிளாஸிலும், இளையவனுக்கு அகலமான கிண்ணத்திலும் ஊற்றினார்கள். அவ்வளவுதான், வீட்டில் கலகம் மூண்டுவிட்டது.

"ராத்தாவுக்குத்தான் கூட! எனக்குக் கொஞ்சம்தான்!" என்று ஆறு வயதுப் பையன் அழுதான்.

கண்ணெதிரில் அளந்துதானே ஊற்றியது என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. எட்டு வயது மகளை அழைத்து, "நீ சொல்லம்மா, யாருக்குக் கூட?" என்றோம். அவள் தொடக்கநிலை இரண்டில் படிப்பவள். பள்ளிக்கூடத் தாளில் லிட்டர்க் கணக்குகளைப் பிழையின்றிப் போடுகிறவள். அவளும் சற்றுத் தயங்கி, "உயரமா இருக்குறதுலதான் கூட இருக்கும் போல, வாப்பா" என்றாள்.

நமக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைக்காரன் பிள்ளைகளுக்கு இதுகூடத் தெரியவில்லையா? மக்குகள்!" என்று சொல்லிவிட்டோம். பையன் அழுகையை நிறுத்தினான். மகளோ தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அவள் தன் உம்மாவிடம், "எனக்குக் கணக்கு வராது உம்மா" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டபோதுதான், நாம் செய்த தவறு நமக்கு உறைத்தது.

அதன் பிறகு சில மாதங்கள் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊற்றியும் அளந்தும் பார்த்தோம். நாமோ மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்டவர்கள். ஆயினும் அளப்பது நம் தொழில். அந்த அனுபவத்தில் கண்டவற்றை நம்மைப் போன்ற பெற்றோர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

பிள்ளையின் குற்றமல்ல

முதலாவதாக அறிய வேண்டிய விஷயம், இது மக்குத்தனமல்ல என்பது. ஸ்விட்சர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே என்பவர் இதையே பல பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்து 1941-ஆம் ஆண்டில் ஒரு நூலில் எழுதினார். ஒரே மாதிரியான இரண்டு கிளாஸ்களில் சமமாகத் தண்ணீர் வைத்து, பிள்ளை "இரண்டும் சமம்" என்று ஒப்புக்கொண்ட பின், ஒன்றை அதன் கண்ணெதிரிலேயே ஒடுங்கிய உயரமான கிளாஸில் ஊற்றிக் கேட்டால், சிறு பிள்ளைகள் "உயரமானதில்தான் அதிகம்" என்கின்றன. ஏறக்குறைய ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெளிகிறது. சிலருக்குச் சற்று முந்தியும், சிலருக்குச் சற்றுப் பிந்தியும் தெளியும். பிள்ளை உயரத்தைப் பார்க்கிறது; அகலத்தையும் அதனோடு சேர்த்துப் பார்க்க அதன் புத்தி இன்னும் பழகவில்லை. பழகாத ஒன்றிற்காகத் திட்டினால் புத்தி வளராது, பயம்தான் வளரும்.

பெரியவர்களாகிய நாம் மட்டும் ஏமாறுவதில்லையா? நமது கடைக்கு ஒரு விற்பனையாளர் புதுவிதப் போத்தலில் சர்பத் கொண்டுவந்தார். பழைய போத்தலை விட ஒரு விரற்கடை உயரம். இடுப்பு ஒடுங்கி, அடிப்பக்கம் உள்ளே குழிந்திருந்தது. கூடுதல் சரக்கு என்று எண்ணி, விலையைப் பற்றி வாதாடாமல் வாங்கி அடுக்கினோம். இரவில் லேபிளைப் படித்துப் பார்த்தால், பழையதைக் காட்டிலும் 50 மில்லிலிட்டர் குறைவு! இருபது வருஷம் கடை நடத்தும் நம்மையே உயரம் ஏமாற்றிவிட்டது. அன்றே மகளிடம் அந்தப் போத்தலைக் காட்டி, "வாப்பாவும் உன்னைப் போலத்தான் ஏமாந்தேன்" என்று சொன்னோம். பல நாட்களுக்குப் பின் அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டோம். நமது பாடமும் அன்றுதான் தொடங்கியது.

முதற் பாடம்: எண் வேண்டாம், ஊற்றிப் பார்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980-களிலிருந்து கணிதம் கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் பொருள், அடுத்துப் படம், கடைசியில் எண். அமெரிக்க அறிஞர் ஜெரோம் புரூனரின் கருத்தைத் தழுவியது இம்முறை. பள்ளியில் பொருளைக் காட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்! ஒவ்வொரு கையும் போதிய அளவு ஊற்றிப் பழக அங்கே நேரம் ஏது? அந்தக் குறையை வீட்டின் அடுப்பங்கரையே தீர்க்க முடியும்.

ஓர் அகலமான தட்டத்தை வைத்து, அதன் மேல் வெவ்வேறு வடிவமான நான்கைந்து பாத்திரங்களை வையுங்கள். பால் டின், லோட்டா, தேநீர்க் கோப்பை, ஜாம் போத்தல் எதுவானாலும் சரி. தண்ணீரில் சிறிது வர்ணம் கலந்தால் மட்டம் நன்றாகத் தெரியும். சுடுநீர் வேண்டாம், எண்ணெயும் மருந்தும் விளையாட்டுக்கு ஆகா.

முதலில் பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள். "எது அதிகம் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பிறகு ஒன்றை விளிம்பு வரை நிரப்பி, மற்றதில் ஊற்றச் சொல்லுங்கள். வழிந்தால் முதற் பாத்திரம் பெரிது. இடம் மீதமிருந்தால் இரண்டாவது பெரிது. வழியாமல், இடமும் மிஞ்சாமல் நின்றால் இரண்டும் சமம். இங்கே எண் எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தையும் சொல்லிக் கொடுங்கள். பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பது அதன் கொள்ளளவு. அதில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. பெரிய வாளியில் ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தால், வாளி பெரிது, தண்ணீர் கொஞ்சம்தான். நம் பையன் இதைப் புரிந்துகொள்ள இரண்டு நாளாயிற்று. புரிந்த பின், அகலக் கிண்ணத்திலிருந்து உயரக் கிளாஸுக்கும், அதிலிருந்து மறுபடி கிண்ணத்துக்கும் தானே பத்துத் தடவை ஊற்றிப் பார்த்து, "அதே தண்ணிதான் வாப்பா!" என்றான். ஆயிரம் தடவை நாம் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்திராது.

இரண்டாம் பாடம்: ஒரே குவளை

இனி எண்ணலாம். ஒரு சிறு குவளையை அளவாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை குவளை கொள்கிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். கூஜா 6 குவளை, போத்தல் 4 குவளை என்றால், கூஜா 2 குவளை அதிகம்.

இதற்கு மூன்று நிபந்தனைகள். குவளை ஒவ்வொரு தடவையும் ஒரே மட்டத்திற்கு நிரம்ப வேண்டும். சிந்தக் கூடாது. கடைசி வரை குவளையை மாற்றக் கூடாது.

இந்த மூன்றாவது நிபந்தனையின் காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம் ஒரு சூழ்ச்சி செய்தோம். ஒரே மாதிரியான இரண்டு போத்தல்களை எடுத்து, ஒன்றைப் பால் டின்னால் மகளையும், மற்றதைச் சிறு கோப்பையால் மகனையும் அளக்கச் சொன்னோம். அவளுக்கு 4 வந்தது. அவனுக்கு 9 வந்தது. "என் போத்தல்தான் பெரிசு!" என்று குதித்தான் அவன். மகள் இரண்டு போத்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிறிது நேரம் யோசித்து, "உன் கோப்பை சின்னது. அதனாலதான் நிறையத் தடவை ஊத்துனே" என்றாள். அளவுக் குவளை சிறுத்தால் எண் பெருகும். குவளை பெருத்தால் எண் குறையும். நாளைக்கு லிட்டரை மில்லிலிட்டராக மாற்றும் கணக்கிற்கு அஸ்திவாரமே இதுதான்.

மூன்றாம் பாடம்: உலகமும் ஒரே குவளையைத் தேடிய கதை

வீட்டில் நடந்த இந்தச் சண்டைதான் உலகச் சந்தைகளிலும் நடந்தது. பிள்ளைகளுக்கு இதைக் கதையாகச் சொல்லலாம்.

நம் மூதாதையரின் தமிழ்நாட்டு அளவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டிப்பவை. 2 ஆழாக்கு 1 உழக்கு; 2 உழக்கு 1 உரி; 2 உரி 1 நாழி. இந்த நாழியையே படி என்போரும் உண்டு. 8 நாழி 1 மரக்கால். ஆகவே ஒரு நாழிக்கு எத்தனை ஆழாக்கு என்று கேட்டால், பிள்ளை இரட்டித்து இரட்டித்து 8 என்று சொல்லிவிடும். நல்ல வாய்க்கணக்கு இது. ஆனால் பெயர் ஒன்றாயிருந்தும் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. பட்டணம்படி ஒன்று, மற்ற ஊர்ப் படி ஒன்று. வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் வழக்குத் தீராது.

கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் இங்கே காந்தாங்கையும் சுப்பாக்கையும் கற்றுக்கொண்டார்கள். 4 சுப்பாக் 1 காந்தாங். ஆங்கிலேயர் காலத்துச் சட்டப்படி ஒரு காந்தாங் ஒரு கேலனுக்குச் சமம், அதாவது இன்றைய கணக்கில் சுமார் 4.546 லிட்டர். கேலனிலும் தகராறு உண்டு. இது ஆங்கிலேயர் கேலன். அமெரிக்கர் கேலனோ சுமார் 3.785 லிட்டர்தான். பெயர் ஒன்று, குவளை இரண்டு!

இந்தக் குழப்பம் தீரவே பிரெஞ்சு தேசத்தார் 1795-இல் லிட்டரை ஏற்படுத்தினார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டராக உள்ள ஒரு பெட்டி கொள்ளும் அளவே ஒரு லிட்டர். அதை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மில்லிலிட்டர். இந்தியா மெட்ரிக் முறைக்கு மாற 1956-இல் சட்டம் செய்தது. சிங்கப்பூர் அரசாங்கம் 1970-இல் அந்த முடிவை எடுத்து, மாற்றத்தை நடத்த ஒரு வாரியத்தையும் அமைத்தது. இருந்தும் பழைய அளவு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஜொகூரிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் எடுக்க வகைசெய்யும் 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை நடப்பிலிருக்கிறது. அதன் கணக்கு கேலனில்தான். லிட்டரில் சொன்னால் அது ஏறத்தாழ 113 கோடியே 65 லட்சம்.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு முத்து, ஸாவு என்ற அளவுகளையும் இங்கே சொல்லலாம். 4 முத்து 1 ஸாவு. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு ஒரு முத்து. நபிகள் நாயகம் அவர்கள் ஒரு முத்து நீரில் உளுச் செய்தார்கள், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்று ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். பிள்ளை தன் இரு கைகளாலும் தண்ணீரை அள்ளி ஒரு பாத்திரத்தில் ஊற்றிப் பார்க்கட்டும். பிறகு, 2023-இல் சிங்கப்பூர் வீடுகளில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 141 லிட்டர் செலவானது என்று சொல்லுங்கள். ஒன்றரை லிட்டர்த் தண்ணீர்ப் போத்தலில் அது 94 போத்தல்! நம் மகள் அதைக் கேட்டுவிட்டு, எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

நமது வாப்பா எண்ணெய் அளந்து விற்ற காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. வாடிக்கையாளர் போத்தலில் புனலை வைத்து, உழக்கைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை கையை எடுக்க மாட்டார்கள். "அந்தச் சொட்டு நம்மளுது இல்ல, அவருது" என்பார்கள். அளவில் குறைப்போரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது என்பதை நாம் ஓதித் தெரிந்துகொண்டது பின்னால்தான். அதன் பொருளை அதற்கு முன்பே அந்தப் புனலில் பார்த்துவிட்டோம். நம் பிள்ளைகளும் குவளையைக் கவிழ்த்துவிட்டுக் கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்கக் கற்கட்டும். கணக்கும் சரியாகும், குணமும் சரியாகும்.

நான்காம் பாடம்: லிட்டரும் மில்லிலிட்டரும்

இப்போதைய பாடத்திட்டத்தில் தொடக்கநிலை இரண்டில் லிட்டரும், மூன்றில் மில்லிலிட்டரும் வருகின்றன. வீட்டிலேயே ஓர் அளவுப் போத்தல் செய்யலாம். காலியான தண்ணீர்ப் போத்தலின் பக்கத்தில் நெட்டாக ஒரு காகிதப் பட்டையை ஒட்டுங்கள். சமையல் அளவுக் குவளையால் 100 மில்லிலிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். போத்தல் நேராயுள்ள இடத்தில் கோடுகள் சம தூரத்தில் விழும். மேலே கழுத்து ஒடுங்கும் இடத்தில் கோடுகள் விலகிப் போகும். "ஏன்?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பண்டோங் சண்டையின் நியாயம் முழுவதும் அந்த விலகிய கோடுகளில் இருக்கிறது.

கோட்டைப் படிப்பதிலும் பிள்ளைகள் தவறுகின்றன. பாத்திரம் சமமான மேஜைமேல் இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாகாது. கண் நீர்மட்டத்திற்கு நேராக வரும்படி குனிய வேண்டும். ஒடுங்கிய அளவுக் குழாயில் தண்ணீர் ஓரங்களில் சற்று மேலேறி, நடுவில் குழிந்து நிற்கும். குழியின் அடிமட்டத்தையே படிக்க வேண்டும். இன்னொன்று, எல்லாக் கோடும் ஒரே மதிப்பல்ல. பூஜ்யத்திலிருந்து 500 வரை ஐந்து பாகமென்றால் பாகம் ஒன்றுக்கு 100. பத்துப் பாகமென்றால் 50. முதலில் ஒரு பாகத்தின் மதிப்பைக் கண்டுகொண்டு, பிறகுதான் எண்ண வேண்டும்.

ஒரு லிட்டர் 50 மில்லிலிட்டர் என்பது எத்தனை மில்லிலிட்டர்? பல பிள்ளைகள் 150 என்று எழுதும். திட்டாதீர்கள். அளவுப் போத்தலில் 150 ஊற்றிக் காட்டுங்கள்; ஒரு லிட்டரின் பாதி கூட அதில் இல்லை என்று பிள்ளையே சிரிக்கும். பிறகு ஆயிரத்தையும் ஐம்பதையும் கூட்டி 1,050 என்று தானே எழுதும்.

தராசு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு லிட்டர்த் தண்ணீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. ஆனால் ஒரு லிட்டர்ச் சமையல் எண்ணெய் சுமார் 920 கிராம்தான். தேனோ சுமார் 1,400 கிராம். "லிட்டர் என்பது இடம், கிலோ என்பது கனம்" என்று நம் மகள் இப்போது கடைக்கு வரும் பெரியவர்களுக்கே பாடம் எடுக்கிறாள்.

எதற்காக இவ்வளவும்?

பரீட்சையில் நான்கு மார்க்குக்காகவா இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கலாம். இந்த வருஷம் நமது வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம்.

பையனுக்குக் காய்ச்சல். மருந்துப் போத்தலில் வேளைக்கு 5 மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தது. போத்தலோடு வந்த சிறு குவளை எங்கோ கிடந்தது. நாம் அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து, "ஒரு கரண்டிதானே" என்று ஊற்றப் போனோம். மகள் நம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க வாப்பா. அது எத்தனை மில்லின்னு பார்த்தீங்களா?"

ஓடிப்போய் அந்தக் குவளையைத் தேடி எடுத்து வந்தாள். கரண்டி நிறையத் தண்ணீர் எடுத்து அதில் ஊற்றி, மேஜையில் வைத்து, குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். தண்ணீர் 10-ஆம் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கொடுக்க வேண்டியதைப் போல் இருமடங்கு!

நம் கை நடுங்கிவிட்டது. காய்ச்சல் மருந்தானாலும் வேளைக்கு வேளை அளவு மீறினால் பிள்ளையின் ஈரலைக் கெடுக்கக்கூடும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஆகையால் தாய்மார்களே, தகப்பன்மார்களே, மருந்தோடு வரும் குவளையாலோ, ஊசியில்லாத சிரிஞ்சாலோ மட்டுமே அளந்து கொடுங்கள். இல்லையேல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"மக்கு" என்று நாம் ஏசிய அதே பிள்ளைதான் அன்று தம்பியைக் காத்தாள். இருபது வருஷம் அளந்து விற்ற நம் கைக்குத் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றிற்று. அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "எதுக்கு வாப்பா?" என்றாள். பண்டோங் நாளை அவள் மறந்திருந்தாள். நாம் மறக்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையின் கையில் ஒரு குவளையைக் கொடுங்கள். தட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் சிந்தும், சிந்தட்டும். அதைச் சன்னலோரத்துக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிடலாம்.